நான்காம் நம்பர் மழைக்கோட்டு

அந்த அக்காவுக்கு எங்கள் தையல்கூடத்தில் இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. முதலாளி இருந்த காலத்தில் எல்லாரும் அவரை ‘சங்கம்’ என்றார்கள். முதலாளி போன பிறகு அதே ஆட்கள் ‘முதலாளியம்மா’ என்றார்கள். இடையில் அக்கா மாறியதாக எனக்குத் தெரியவில்லை. சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்கள் உட்கார்ந்திருந்த இடம்தான் மாறிப்போயிருந்தது.

நாங்கள் தைத்தது மழைக்கோட்டு. இரண்டாம் மாடியில் நீளமான கூடம். சன்னலோரமாக எட்டு மெஷின்கள், நடுவில் துணி வெட்டும் மேசை, மூலையில் தையலின்மேல் சூடாக டேப் ஒட்டுகிற மெஷின். ரப்பர் பூசிய துணியின் வாடை வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியில் இருக்கும். கூடத்துக்குப் பின்னால் சன்னல் இல்லாத ஓர் ஈர அறை. அங்கேதான் என் வேலை. தைத்து முடித்த கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கம்பியில் தொட்டில் மாதிரி கட்டி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்று பார்ப்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பேசத் தேவையில்லாத வேலை என்பதாலேயே அது எனக்குப் பிடித்திருந்தது. ஈர அறையின் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாகக் கூடம் முழுக்கத் தெரியும்.

முதலாளி காலத்தில் ஒரு கோட்டை ஒருவரே முழுசாகத் தைப்பார். அடியில் மடிப்புக்குள் அவருடைய நம்பர் லேபிளை வைத்துத் தைக்க வேண்டும். எத்தனை கோட்டோ அத்தனைக்குக் கூலி. அக்கா நான்காம் நம்பர். அவர் கையில் துணி நிற்காது, ஓடும். தைக்கும்போது உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக் கடித்துக்கொள்வார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பதில் சொல்வார்.

மேற்பார்வைக்கு முதலாளியின் மனைவியின் தம்பி இருந்தான். முதலாளி அவனை ‘மச்சான்’ என்று கூப்பிடுவதால் நாங்களும், அவன் காதில் விழாதபடி, மச்சான் என்றே சொல்வோம். ஒரு மாதம் அக்காவின் கோட்டு எண்ணிக்கை குறைந்தது. ஏழாம் நம்பர்க்காரிக்குக் கூடியது. அவள் மச்சானுக்கு வேண்டிய பெண். லேபிளைப் பிரித்து மாற்றித் தைப்பதை நான் கண்ணாடிச் சதுரத்தில் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரை நம்பிச் சொல்வது?

அக்கா யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் மெஷினை நிறுத்திவிட்டு முதலாளி அறைக்குள் போய் நின்றார். காலரை முடிக்கும்போது நான் மூன்று முறை திருப்பித் தைப்பேன், ஏழாம் நம்பர் இரண்டு முறைதான், அவள் கணக்கில் இருக்கிற முப்பது கோட்டு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள் என்றார். முதலாளி பார்த்தார். அவர் உட்கார்ந்து முப்பது காலரையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நாங்கள் எல்லாரும் வேலை செய்வது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது கோட்டு அக்காவுடையது. கூலி திரும்பி வந்தது. மச்சான் கிடங்குக்குப் போனான். அதே வாரம், காலை முழுக்க மெஷின் நின்றதற்காக அக்காவுக்கு அரை நாள் கூலியையும் முதலாளி பிடித்துக்கொண்டார்.

அன்று டீ நேரத்தில் அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“நியாயமும் செஞ்சாரு, கூலியும் புடிச்சாரு. ரெண்டுமே அவரு ஒருத்தர் கையில இருக்கு பாரு, அதான் எனக்குப் புடிக்கல.”

சங்கம் என்ற பேர் அன்றுதான் வந்தது.

சில வருடம் கழித்து முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, எனக்கு முடியவில்லை, பிள்ளைகளுக்கு இதில் விருப்பமில்லை, நீங்களே எடுத்து நடத்துங்கள், மெஷினுக்கான விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்றார். யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றார் ஒருவர். வரி பாக்கி இருக்கும், நம் தலையில் கட்டுகிறார் என்றார் இன்னொருவர். டேப் ஒட்டுகிற மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி, கூரையில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். விரிசல் இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

துணி வெட்டுகிற அண்ணன்தான் எங்களைத் தேற்றினார். நல்ல மனிதர். பேப்பர் படிப்பவர். படித்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் சொல்பவர். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டால் பதினோரு பேருமே முதலாளி. எல்லாருக்கும் ஒரே நாள் கூலி. மிச்சம் வந்தால் சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்றார். முதலில் செய்ய வேண்டியது அந்த நம்பர் லேபிளை ஒழிப்பது. நாம் ஜெயிலில் இருக்கிறோமா என்றார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அக்கா மட்டும் தட்டவில்லை. லேபிள் இருக்கட்டும் என்றார்.

“எங்க வீட்ல அஞ்சு பொண்ணுங்க, அண்ணே. துணிமணி, சீப்பு, செருப்பு எல்லாமே எல்லாருக்கும் பொதுதான். பொதுன்னா என் கடைசித் தங்கச்சிக்குன்னு அர்த்தம்.”

கூடம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“இன்னிக்கு பேரு போடுவோம். நாளைக்கு யாரு எத்தனைன்னு எண்ணுவோம். நாளான்னிக்கு எண்ணுறதுக்கு ஒரு ஆளு வருவான். அந்த ஆளுக்குப் பேரு மச்சான்.”

அதற்கும் கூடம் சிரித்தது. அக்கா கூட்டுறவுப் பத்திரத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஓர் உறுப்பினரை நீக்க வேண்டுமென்றால் ஏழு கை உயர வேண்டும் என்ற வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பதினோராவதாகக் கையெழுத்துப் போட்டார். லேபிள் பெட்டியை மொட்டை மாடியில் ஒரு தகர டின்னில் போட்டுக் கொளுத்தினோம். எரிப்பதற்கு முன்னால் அக்கா ஒரு நான்காம் நம்பரை எடுத்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். முதலாளியம்மா என்ற பேர் அன்று மாலைக்குள் வந்துவிட்டது.

முதல் வருடம் நன்றாகவே போனது என்பதை மறைக்கக் கூடாது. ‘பாக்கெட்’ என்று ஒரு பெண் எங்களோடு இருந்தாள். எப்போதும் பாக்கெட்டில் எதையாவது வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருப்பாள், அதனால் அந்தப் பேர். அவள் பிள்ளை உண்டாகி, அசையக் கூடாதென்று டாக்டர் சொல்லி, நான்கு மாதம் படுக்கையில் இருந்தாள். நான்கு மாதமும் அவள் கூலி அவள் வீட்டுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது அக்கா. போகும்போது, அவள் மெஷினையும் சேர்த்து நாம் ஓட்டுகிறோம், அவள் அங்கே மென்றுகொண்டிருப்பாள் என்று முணுமுணுப்பார். ஆனால் ஒரு மாதம்கூட நாள் தவறவில்லை. முதலாளி காலத்தில் இது நடந்திருக்குமா என்று அண்ணன் ஒரு முறை அவரை மடக்கினார். நடந்திருக்காது, வேறு ஆள் வந்திருப்பாள், அது தப்புதான், தப்பில்லை என்று நான் எப்போது சொன்னேன் என்று அக்கா கேட்டார்.

அடுத்த வருடம் ஐம்பது கோட்டு திரும்பி வந்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. யாரோ ஒருவர் இரண்டு அளவுக் கைகளைக் கலந்து ஏற்றியிருக்கிறார். யார் என்று யாரும் சொல்லவில்லை. யாருடைய தப்பு என்று கேட்க வேண்டாம், நம் தப்பு என்றார் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாரும் பிரித்துத் தைத்தோம். பிரிக்கும்போது ஒவ்வொருத்தியும் பக்கத்து மெஷினை ஓரக்கண்ணால் பார்த்தாள். அக்கா மட்டும் வாய் விட்டுச் சொன்னார்.

“பேரு போடலன்னா ஒழுங்காத் தைச்சவளும் திருடிதான், கோணலாத் தைச்சவளும் திருடிதான்.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து கூடத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. மெஷின் சத்தம் சீராக ஓடி, காலர் பக்கம் வரும்போது ஒரு நொடி நிற்கும். அப்புறம் நான்கைந்து தையல் மட்டும் தனியாகக் கேட்கும். அப்புறம் மறுபடி ஓடும். எட்டு மெஷினிலும் அப்படித்தான். எல்லாருக்கும் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் துறைமுகக் காவலாளிகளுக்கு அறுநூறு கோட்டு கொடுத்தோம். எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை அது. இருநூறு திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் மழையில் நின்றால் முதுகு நனைகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் சரிசெய்து தராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்றும் எழுதியிருந்தார்கள். முதல் சந்தேகம் என்மேல் விழுந்தது. என் குவளைத் தண்ணீரில் ஒன்றும் சொட்டவில்லை என்று சொன்னேன், அது உண்மை. யாரும் நம்பவில்லை. நானே முழுசாக நம்பவில்லை.

இரண்டே நாளில் சந்தேகம் இடம் மாறியது. பாக்கெட்தான் ஆரம்பித்தாள். லேபிள் திரும்பி வர வேண்டுமென்று யாருக்கு ஆசை, யோசித்துப் பாருங்கள் என்றாள். நான்கு மாதம் கூலி கொண்டுபோய்க் கொடுத்த கையை அவள் மறந்திருக்கவில்லை. மறக்காததால்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அடுத்த நாள் டேப் மாமா இன்னொன்றைக் கொண்டுவந்தார். அக்கா பழைய முதலாளி வீட்டு வாசலில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தாராம். கையில் ஒரு பொட்டலமாம். அவ்வளவுதான், எல்லாம் பொருந்திவிட்டது. அக்கா வேண்டுமென்றே ஒழுகவிடுகிறார், கூட்டுறவு கவிழ்ந்தால் பழையவர் திரும்பி வருவார், இவர் மேற்பார்வைக்கு வருவார். அண்ணன் இதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை கை உயர்த்திப் பார்த்துவிடுவோம் என்றார். ஏழு கை இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், எட்டாவது என்னுடையதாக இருக்கலாம்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வீட்டுக்காரர் வேன் ஓட்டியவர்; ஒரு கண்ணில் பார்வை போய் வீட்டில் இருந்தார். அந்த மெஷின் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைப் பேசவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஈர அறைக்குள் வந்தார். அதற்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. கை கழுவ வந்தவர் மாதிரி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினார்.

“பல்பு இருக்கா இங்க? கோட்டுக்குள்ள பல்பை விட்டு, கதவைச் சாத்திட்டுப் பாரு.”

“எதுக்குக்கா?”

“பாரு. நான் சொன்னா எடுபடாது.”

திரும்பி வந்த கோட்டில் ஒன்றைத்தான் பொட்டலம் கட்டி முதலாளியிடம் எடுத்துப் போயிருந்தாராம். முப்பது வருடம் இதே துணியைத் தொட்டவர் ஆயிற்றே என்று. தண்ணீரை நம்பாதே, வெளிச்சத்தை நம்பு என்று அவர் சொல்லி அனுப்பினாராம். நீங்களே பார்த்தீர்களா என்று கேட்டேன். அக்கா குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அன்று முழுக்க அதே யோசனை. ஏன் என்னிடம்? நான் வாய் திறக்காதவள் என்பதாலா? பழியை என் சோதனைமேல் திருப்பவா? முதலாளி சொல்லி அனுப்பியது இது மட்டும்தானா? பழைய கணக்குக்கு என்னைக் கருவியாக்குகிறார்களோ என்று நினைத்தேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, நீளமான ஒயரில் பல்பைத் தொங்கவிட்டு, ஒரு கோட்டை அதன்மேல் மாட்டி, கதவைச் சாத்தினேன்.

காலர் மடிப்புக்குக் கீழே, பிடரி வருகிற இடத்தில், மூன்று வெளிச்சப் புள்ளிகள். முக்கோணமாக.

அடுத்த கோட்டில் ஐந்து புள்ளிகள், வரிசையாக. அதற்கடுத்ததில் ஒரு சிலுவை மாதிரி. டேப் ஒட்டிய தையலுக்குப் பக்கத்தில், டேப் மறைக்காத இடத்தில், துணி நிறத்து நூலிலேயே போட்ட குட்டித் தையல்கள். ஊசி போன ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் கிழிந்திருந்தது. ஒரு குவளைத் தண்ணீருக்கு அது தெரியாது. ஒரு மணி நேர மழைக்குத் தெரியும். நாற்பது கோட்டுப் பார்த்தேன். எட்டு விதமான அடையாளங்கள் இருந்தன. காலருக்குப் பக்கத்தில் மெஷின்கள் ஏன் ஒரு நொடி நின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்த முறை பழி வந்தால், இது என்னுடையது இல்லை என்று காட்டுவதற்காக, ஒவ்வொருத்தியும் மற்றவர்களுக்குத் தெரியாமல் தன் கோட்டுக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தாள். எங்கள் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து, ஒருவர்கூடக் குறையாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

இன்னொன்றும் இருந்தது. எல்லாக் கோட்டிலும் முதுகுத் துணியின் மேல் ஓரத்தில் இரண்டு துளை. அது தையல் ஊசி இல்லை. துணி வெட்டும் மேசையில் இருக்கும் குத்தூசி.

நானும் உள்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டுதான் இருந்தேன், எதைப் பார்த்தேன் எதைப் பார்க்கவில்லை என்று காட்ட. பேனா ஓட்டை போடாது. அதனால் நான் நல்லவள் ஆகிவிட முடியாது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கூட்டம். அண்ணன் வருத்தமான குரலில் ஆரம்பித்தார். அக்கா மெஷினில் உட்கார்ந்தபடியே, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஈர அறைக்குள் போய் ஒயரை இழுத்து வந்து கூடத்தின் நடுவில் பல்பைத் தொங்கவிட்டேன். சன்னல் பலகைகளைச் சாத்தினேன். என்ன செய்கிறாய் என்று அண்ணன் கேட்டார். முதல் கோட்டை மாட்டினேன்.

முக்கோணம் தெரிந்ததும் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அடுத்ததற்கு இன்னொரு பக்கத்திலிருந்து. யாருடையது எது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. தன்னுடையது வரும்போது ஒவ்வொருத்தியும் தரையைப் பார்த்தாள். நான்காவது கோட்டை மாட்டினேன். நான்கு புள்ளிகள், சின்னச் சதுரமாக.

“அது என்னோடது,” என்றார் அக்கா.

இருட்டில் பாக்கெட்டின் குரல் வந்தது. அஞ்சு புள்ளி தன்னுடையது என்றாள், சொல்லும்போதே அழுதாள். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் நான் முதுகுத் துணியின் மேல் ஓரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அந்த இரண்டு துளையும் கண்கள் மாதிரி எங்களைப் பார்த்தன. அண்ணன் நெற்றியைத் தேய்த்தார்.

“வெட்டுனது சரியாத்தான் வெட்டுனேன்னு… நாளைக்கு யாராவது கேட்டா…”

“யாரு கேப்பாங்க, அண்ணே?” என்றார் அக்கா. “நாமதான முதலாளி.”

முதலில் டேப் மாமாதான் சிரித்தார். அவர் சிரித்தது அவர் ஒருவர்தான் அகப்படவில்லை என்பதால் என்று எனக்கு ஒரு எண்ணம். கை உயர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இருநூறு கோட்டின் பிடரியிலும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் பல்பில் பிடித்துப் பார்த்து, மூன்று வாரத்தில் திருப்பிக் கொடுத்தோம். துறைமுக வேலை தங்கியது. லேபிளைப் பற்றி மட்டும் இரண்டு மாதம் சண்டை போட்டோம். முடிவில், நம்பர் வேண்டாம், அவரவர் கையால் பேரை எழுதித் தைத்துக்கொள்வது என்றானது. கூலி சமமாகவே இருக்கும். பேர் மட்டும்தான், ரேட்டு கிடையாது என்று அண்ணன் விரலை நீட்டிச் சொன்னார். நான் ரேட்டு கேட்டேனா என்றார் அக்கா. கேட்கவில்லை. ஆனால் அவருடைய கோட்டுகளை அவர் எண்ணி வைத்திருக்கிறாரா என்று நாங்கள் கவனித்துக்கொண்டேதான் இருந்தோம். அவரும், பேர் எழுதிய துணியை டேப் மாமா பிரித்து மாற்றுகிறாரா என்று கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா மட்டும் பேர் எழுதவில்லை. பர்சிலிருந்த பழைய நான்காம் நம்பரைப் பார்த்து அதே மாதிரி செய்து தைத்தார். அதற்கும் கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது.

அக்கா இன்னும் பன்னிரண்டு வருடம் அந்த மெஷினில் இருந்தார். பேர் மாறவில்லை, முதலாளியம்மாதான். அவர் வேலையை விட்டு நிற்பதற்கு ஒரு வாரம் முன்னால், குழாயடியில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, அத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“பல்பு போட்டா உங்களோடதும் தெரியும்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா, அக்கா?”

“தெரியாமயா? என் கோட்டத்தான முதல்ல வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன்.”

“உங்களோடதை மட்டும் பிரிச்சுட்டு அப்புறமா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. திரும்பி வந்த மூட்டை மாடிப்படிக்குக் கீழதான கெடந்துச்சு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு நாள் பூரா அதைத்தான் யோசிச்சேன்,” என்றார். “நூலைப் பிரிச்சுடலாம். ஓட்டை அங்கதான இருக்கும்.”

சொல்லிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தார். ஓட்டை மறையாது என்பதால் மட்டும்தான் பிரிக்காமல் விட்டாரா, மறையும் என்றாலும் விட்டிருப்பாரா என்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். அவர் தைத்த கோட்டு ஒன்று என் வீட்டில் இருக்கிறது. வாங்கிய அன்று பல்பில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.